தாது வருஷம் முதல் இன்று வரை: ஏலமலை அடிவாரத்தில் மண்ணும் உணவும்

வறட்சி வேறு, பஞ்சம் வேறு. வறட்சி வானத்தில் தொடங்குகிறது. அது பஞ்சமாக முற்றுவதும் முற்றாமல் தணிவதும் மண்ணின் வலிமையையும் மனிதர் செய்து வைத்திருக்கும் ஏற்பாட்டையும் பொறுத்தவை. பருவநிலை மாற்றம் குறித்து இன்று எழுதப்படுவனவற்றுள் பெரும்பாலானவை வானத்தைப் பற்றிப் பேசுகின்றன. வெப்பம் எத்தனை பாகை உயர்ந்தது, மழை எவ்வளவு குறைந்தது என்பனவே அவற்றின் பொருள். மண்ணுக்கு என்ன நேர்கிறது, அதனால் உண்பவர்க்கு என்ன நேரும் என்னும் வினாக்கள் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. இவ்விரு வினாக்களையும் ஒரு சிறு நிலப்பரப்பின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூருக்குத் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் ராசிங்காபுரம் அமைந்துள்ளது. ஊருக்கு மேற்கே எழுந்து நிற்கும் மலைமுகடே தமிழகத்தையும் கேரளத்தையும் பிரிக்கும் எல்லை. முகட்டுக்கு அப்பால் இருப்பது இடுக்கி மாவட்டத்தின் உடும்பன்சோலை வட்டம்; ஏலமலை என்று நாம் அழைக்கும் பகுதி. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை அப்பக்கத்தில் இறக்கிவிட்டு, வறண்ட காற்றாக இப்பக்கம் வந்து சேர்கிறது. இடுக்கி மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை 3,000 மில்லிமீட்டருக்கும் மேல். தேனி மாவட்டத்தின் சராசரியோ ஏறத்தாழ 830 மில்லிமீட்டர். போடியிலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்திலுள்ள போடிமெட்டுக்குப் பேருந்தில் ஒரு மணி நேரத்திற்குள் சென்று சேரலாம். அந்த ஒரு மணி நேரத்தில் சோளமும் மொச்சையும் விளையும் மானாவாரி நிலம் முடிந்து, மரநிழலில் ஏலம் விளையும் ஈரநிலம் தொடங்கிவிடுகிறது.

இவ்விரு நிலங்களும் ஒன்றையொன்று சார்ந்தவை. மேலே மழை பொழிந்தால் கீழே ஆறு ஓடும். மேலே தோட்டம் செழித்தால் கீழே கூலி வரும். ஆகவே இங்கு மண்ணின் வரலாற்றை மலைக்கும் சமவெளிக்கும் சேர்த்தே எழுத வேண்டும்.

தாது வருஷப் பஞ்சம்

நம் முன்னோர் நாவில் நெடுங்காலம் நின்ற பெயர் ‘தாது வருஷப் பஞ்சம்’. 1876ஆம் ஆண்டிலும் அதை அடுத்த ஆண்டிலும் பருவமழைகள் தவறின. பசிபிக் பெருங்கடலின் நீர்ப்பரப்பு இயல்பை மீறி வெப்பமடையும் எல் நினோ நிகழ்வு அக்காலத்தில் மிகக் கடுமையாக இருந்தது என்பதை இன்றைய வானிலை ஆய்வாளர்கள் நிறுவியுள்ளனர். அதே காலத்தில் வட சீனமும் பிரேசிலின் வடகிழக்குப் பகுதியும் வறட்சியில் வாடின. இந்தியாவில் பிரிட்டிஷாரின் நேரடி ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டதாக, பின்னர் அமைந்த பஞ்ச விசாரணைக் குழு கணக்கிட்டது. சென்னை மாகாணம் பேரிழப்பைச் சந்தித்தது. அதில் மதுரைச் சீமையும் அடங்கும்.

மழை தவறியது இயற்கையின் செயல். ஆனால் அதன் பின் நடந்தவை அனைத்தும் மனிதர் செயல். நாட்டில் தானியம் அறவே இல்லாமற் போகவில்லை. புதிதாய்ப் போடப்பட்ட இருப்புப்பாதைகள் தானியத்தை விலை மிகுந்த இடத்துக்குக் கொண்டு சென்றன. பஞ்ச காலத்திலும் துறைமுகங்கள் வழியே தானியம் ஏற்றுமதியாயிற்று. வாங்கும் வலிமை இல்லாதவன் வாழும் ஊரில் தானியம் தங்கவில்லை. இரயத்துவாரி முறையில் நிலவரி பணமாக நிர்ணயிக்கப்பட்டிருந்தது. விளைந்தாலும் விளையாவிட்டாலும் அது கட்டப்பட வேண்டும். தள்ளுபடி என்பது உரிமையாக இல்லாமல் அதிகாரியின் விருப்பமாக இருந்தது.

1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வைஸ்ராய் லிட்டனின் பிரதிநிதியாகச் சென்னை வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரணப் பணியாளர்களின் கூலியை நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் என்னும் அளவுக்குக் குறைத்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ், கடின உழைப்புச் செய்யும் உடலுக்கு இவ்வுணவு போதாது என்று கணக்கிட்டுக் காட்டி எதிர்த்தார். சில மாதங்களுக்குப் பின்னரே அந்த அளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் பலர் மாண்டிருந்தனர். இவ்விவாதம் உணவுப் பாதுகாப்பு என்னும் இன்றைய கருத்தின் தொடக்கங்களுள் ஒன்று. ஒருவனுக்கு எவ்வளவு உணவு உரியது, அதைக் கொடுக்கும் பொறுப்பு யாருடையது என்பனவே அதன் சாரம்.

இன்னொன்றையும் கருத வேண்டும். அதே 1877ஆம் ஆண்டில்தான் ஜான் டேனியல் மன்றோ, பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். சமவெளியில் மக்கள் மடிந்துகொண்டிருக்க, அதற்கு மேலேயுள்ள மலை தோட்டப் பயிருக்குத் திறந்துவிடப்பட்டது. அடுத்த பல பத்தாண்டுகளில், வறண்ட தமிழ்ச் சீமைகளிலிருந்து பிழைப்புத் தேடி மலையேறியவர்களின் உழைப்பில்தான் அத்தோட்டங்கள் உருவாயின. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களின் கதையும் இதுவே. மண் கைவிட்டபோது மக்கள் இடம் பெயர்ந்தார்கள்.

பழைய ஏடுகள் சொல்லும் பாடம்

வறட்சி பஞ்சமாக முற்றுவதில் ஆட்சிக்குள்ள பங்கை நம் வரலாற்று ஆசிரியர்கள் வெகு காலத்திற்கு முன்பே கண்டறிந்திருந்தனர். ஹிஜ்ரி 18இல் (கி.பி. 639) ஹிஜாஸ் பகுதியைத் தாக்கிய கொடிய வறட்சி ‘ஆமுர் ரமாதா’, அதாவது சாம்பல் ஆண்டு, எனப் பெயர் பெற்றது. மழையற்ற நிலம் சாம்பல் நிறமாகி, காற்றில் சாம்பலைப் போலவே புழுதி பறந்தமையால் அப்பெயர் வந்தது என்பர். மேல்மண் காற்றில் பறப்பதை ஓர் ஆண்டுக்கே பெயராக வைத்த சமுதாயம் அது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அவ்வாண்டில் மேற்கொண்ட நடவடிக்கைகளை நோக்குங்கள். சிரியாவிலிருந்து தானியம் வரவழைத்தார்கள். ஸகாத் வசூலிப்போரை அவ்வாண்டு அனுப்பாமல் நிறுத்தி வைத்தார்கள். பசியால் திருடியவனுக்குத் தண்டனையை நிறுத்தினார்கள். மக்கள் துன்பம் நீங்கும்வரை தாமும் நெய்யுண்ணாமல் இருந்தார்கள். பின்னர் நைல் நதியையும் செங்கடலையும் இணைத்திருந்த பழங்கால்வாய் மீண்டும் தூர்வாரப்பட்டு, எகிப்தின் தானியம் அல்ஜார் துறைமுகத்துக்குக் கடல்வழியே வந்தது. வரிவிலக்கு, தானிய நகர்வு, போக்குவரத்துக்கான நிலையான ஏற்பாடு ஆகிய மூன்றும் அதில் அடங்கியிருப்பதைக் காணலாம்.

நிலவரி மண்ணின் தாங்குதிறனுக்கு ஏற்ப இருக்க வேண்டும் என்பதும் அக்காலத்து நெறியே. ஈராக்கின் ஸவாத் நிலங்களை அளந்து வரி விதித்தோரிடம், நிலத்தின் மீது அது சுமக்க இயலாத சுமையை ஏற்றிவிட்டீர்களோ என்று கலீஃபா வினவிய செய்தி ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. அடுத்த நூற்றாண்டில் இமாம் அபூ யூஸுஃப் (ரஹ்), கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக எழுதிய ‘கிதாபுல் கராஜ்’ நூலில், நிலையான பணவரியைவிட விளைச்சலில் பங்கு பெறும் முறையே இரு தரப்புக்கும் நியாயமானது என்று வாதிட்டார். விளைச்சல் குறைந்தால் அரசின் பங்கும் குறையும் என்பது அதன் பொருள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின் சென்னை மாகாணத்தில் நடைமுறையிலிருந்த வரிமுறை இதற்கு நேர்மாறானது.

எகிப்தின் வரலாற்றாசிரியர் மக்ரீஸீ (ரஹ்) பஞ்சங்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஹிஜ்ரி 808இல் (கி.பி. 1405) அவர் எழுதிய ‘இகாஸதுல் உம்மா’ எகிப்தில் நேர்ந்த பஞ்சங்களை வரிசைப்படுத்தி ஆராய்கிறது. நைல் நதியின் நீர்மட்டம் தாழ்ந்ததே ஒவ்வொரு பஞ்சத்துக்கும் தொடக்கம் என்பதை அவர் மறுக்கவில்லை. கெய்ரோவின் ரவ்ளா தீவிலிருந்த நீர்மானியில் பதினாறு முழம் என்னும் அளவு எட்டப்பட்டதா என்பதை ஊரே கவனித்திருந்த நாடு அது. ஆயினும் தம் காலத்துத் துயரத்துக்கு அவர் கண்ட காரணங்கள் மூன்று: கையூட்டுக் கொடுத்துப் பதவி வாங்கும் வழக்கம், உழவன் மீது ஏற்றப்பட்ட நிலக்குத்தகை, செப்புக்காசு பெருகியதால் நாணயம் மதிப்பிழந்தமை. குத்தகை உயர்ந்ததும் உழவர் நிலத்தைக் கைவிட்டனர், நிலம் பாழாயிற்று, அதன்பின் நதி பெருகியும் விளைச்சல் பெருகவில்லை. மண்ணின் வளம் அதை உழுபவனின் நிலையோடு பிணைந்தது என்ற இக்கருத்து இன்றும் புதிதாகவே இருக்கிறது.

பெரியாற்று நீரும் கண்மாய் வண்டலும்

மேற்கே பாயும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்னும் எண்ணம் பழையது. 1789இல் இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை இதற்கென ஆளனுப்பி ஆராய்ந்தார். 1808இல் கேப்டன் கால்டுவெல் ஆராய்ந்து இது கைகூடாத கற்பனை என்று ஒதுக்கினார். தாது வருஷப் பஞ்சம் அந்தக் கற்பனையைக் கட்டாயமாக மாற்றிற்று. 1886 அக்டோபரில் திருவிதாங்கூர் அரசுடன் 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தாயிற்று. பொறியாளர் பென்னி குயிக் தலைமையில் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895இல் திறக்கப்பட்டது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்த நீர் கம்பம் பள்ளத்தாக்கை இருபோக நெல் விளையும் பூமியாக்கியது. 1959இல் வைகை அணையும் எழுந்தது. அன்றைய கெய்ரோவாசிகள் நீர்மானியின் முழத்தைக் கவனித்ததைப் போலவே, 136 அடியா 142 அடியா என்று இன்று இப்பள்ளத்தாக்கு அணையின் நீர்மட்டத்தை நாளிதழில் தேடுகிறது. 142 அடிவரை நீர் தேக்கலாம் என்பதை உச்சநீதிமன்றம் 2014 மே மாதத்தில் உறுதி செய்தது.

ஆனால் ஆற்றுப் பாசனம் எல்லா ஊருக்கும் வாய்க்கவில்லை. முல்லையாற்றின் கரையிலிருந்து விலகி, மலையடிவாரச் சரிவில் உள்ள ராசிங்காபுரம் போன்ற ஊர்கள் வடகிழக்குப் பருவமழையையும் காட்டாற்றையும் கண்மாயையும் கிணற்றையும் நம்பியே வாழ்ந்தன. பெரியாற்று நீரைத் தேவாரம், போடிப் பகுதிகளுக்குக் கொண்டுசெல்லும் 18ஆம் கால்வாய் மிகப் பிந்தியது. அதுவும் அணையில் நீர் மிகுந்த காலத்தில்தான் பாயும். ஆகவே இவ்வூர்களின் உழவு நீரைவிட மண்ணின் ஈரங்காக்கும் திறனையே பெரிதும் சார்ந்திருந்தது.

அத்திறனைக் காக்க நம் உழவர் கைக்கொண்ட வழிகள் மூன்று. முதலாவது, கோடையில் கண்மாய் வற்றியதும் அதன் வண்டலை வண்டியில் அள்ளிக் காட்டில் கொட்டுவது. சரிவிலிருந்து மழை அரித்துக்கொண்டு வந்த மேல்மண்ணே வண்டல். அதைத் திரும்ப நிலத்தில் சேர்ப்பது, இழந்த முதலை மீட்பதற்கு ஒப்பாகும். கண்மாயும் ஆழமாகும், நிலமும் வளமாகும். இரண்டாவது, அறுவடைக்குப் பின் ஆட்டுக்கிடையும் மாட்டுக்கிடையும் போடுவது. மூன்றாவது, சோளத்தோடு தட்டைப்பயறு, மொச்சை, துவரை ஆகியவற்றைக் கலந்து விதைப்பது. பயறுவகைகளின் வேர்முண்டுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கின்றன என்னும் அறிவியல் விளக்கம் பின்னர் வந்தது. நடைமுறை அதற்கு முன்பே இருந்தது.

இவ்வறிவை அயலவரும் ஒப்புக்கொண்டனர். இந்திய உழவை ஆராய 1889இல் அனுப்பப்பட்ட வேதியியலாளர் ஜான் வோல்க்கர், 1893இல் வெளியான தம் அறிக்கையில், இந்திய உழவன் அறியாமையால் பின்தங்கவில்லை. விறகு கிடைக்காததால்தான் சாணத்தை எரிக்கிறான் என்று விளக்கி, விறகுக்கும் தீவனத்துக்கும் தனிக் காடுகள் வளர்க்கப் பரிந்துரைத்தார். காடு குறைந்தால் எரு அடுப்புக்குப் போகும். எரு அடுப்புக்குப் போனால் மண் மெலியும். மலைக்காட்டுக்கும் சமவெளி வயலுக்கும் உள்ள இவ்வுறவு அன்றே அறியப்பட்டிருந்தது.

1909ஆம் ஆண்டு கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் நிரந்தர உரச் சோதனை என்னும் ஆய்வு தொடங்கியது. ஒரு பாத்திக்குத் தழைச்சத்து மட்டும், இன்னொன்றுக்கு மூன்று சத்துகளும், மற்றொன்றுக்குத் தொழுவுரம், வேறொன்றுக்கு எதுவும் இல்லை என ஒரே மண்ணில் நூற்றாண்டைக் கடந்து நடந்துவரும் சோதனை இது. ஒற்றைச் சத்தை மட்டும் ஆண்டாண்டாக இட்ட நிலம் தளர்கிறது. சமச்சீராக உரமிட்டதும் தொழுவுரம் பெற்றதும் நிலைக்கின்றன. மண்ணின் கரிமச் சத்தை உயர்த்துவதில் தொழுவுரமே முந்துகிறது. இப்படிப்பினைகளை அது மீண்டும் மீண்டும் காட்டியுள்ளது. மண்ணின் கணக்கை ஓர் ஆண்டு விளைச்சலைக் கொண்டு பார்க்கலாகாது என்பதும் அதனால் விளங்குகிறது.

ஏலமலையில் நேர்ந்தவை

இனி மலைமேல் ஏறுவோம். ஏலம் காட்டின் நிழலில் வாழும் செடி. நிழலும் ஈரமும் உதிர்ந்த இலைகளின் மக்கும் அவற்றின் சத்தும் இருந்தால் அது தானே செழிக்கும். பழைய ஏலத்தோட்டங்களில் பெருமரங்களை விட்டுவிட்டு அடிக்காட்டை மட்டும் திருத்திச் செடி நட்டனர். ஆகவே ஏலம் பயிரிட்ட மலை பெருமளவு காடாகவே நின்றது. அக்காட்டில் பெய்த மழை இலைப் போர்வையில் இறங்கி, மண்ணில் ஊறி, ஓடைகளாகக் கசிந்து இரு பக்கமும் ஓடியது.

சென்ற நூற்றாண்டின் இறுதியில் நிலைமை மாறிற்று. இடுக்கி உழவர் செபாஸ்டியன் ஜோசப் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய ‘ஞள்ளானி’ என்னும் ஏல இரகம் விளைச்சலைப் பன்மடங்காக்கியது. உழவன் ஒருவனின் கூர்மையான கவனிப்பால் விளைந்த சாதனை அது, போற்றத்தக்கது. ஆனால் மிகுந்த விளைச்சலுக்கு மிகுந்த வெளிச்சமும் உரமும் நீரும் மருந்தும் தேவைப்பட்டன. நிழல் மரங்கள் கவாத்து என்னும் பெயரில் மொட்டையாயின. ஆண்டில் பலமுறை பூச்சிமருந்து தெளிப்பது வழக்கமாயிற்று. இயல்பிலேயே அமிலத்தன்மையுள்ள மலைமண்ணில் இரசாயன உரம் அமிலத்தைக் கூட்டியது. மண்ணில் வாழும் சிற்றுயிர்கள் குறைந்தன. நம் ஏலத்துக்குப் பெருஞ்சந்தையாகிய சவூதி அரேபியாவில், மருந்து எச்சம் காரணமாக இந்தியச் சரக்கு மறுக்கப்பட்டதும் நிகழ்ந்தது. அரபு நாட்டின் கஹ்வாவில் மணக்கும் ஏலத்தில் பெரும்பங்கு இன்று குவாத்தமாலாவில் விளைவதாகும்.

இவ்வாறு தளர்ந்த மண்ணின் மீதுதான் பருவநிலை மாற்றம் வந்து இறங்கியது. 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. மறு ஆண்டு ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலுள்ள குரங்கணி மலையில் காய்ந்த புல்வெளி தீப்பற்றி, மலையேற்றத்துக்குச் சென்றோரில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில் பெய்த பெருமழையில் கேரளம் மூழ்கியது. இடுக்கி மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில் மலை சரிந்தது. 26 ஆண்டுகளுக்குப் பின் இடுக்கி நீர்த்தேக்கத்தின் மதகுகள் திறக்கப்பட்டன. ஒரே மலை, ஒரே ஆண்டு. ஐந்து மாதங்களில் தீயும் வெள்ளமும்.

இதற்கு முன்பும் பெருவெள்ளம் வந்ததுண்டு. 1924 ஜூலையில் பெய்த மழை மூணாற்றைச் சிதைத்தது. தேயிலையை டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து, கம்பிவட வழியே கொட்டகுடிக்கு இறக்கிப் போடிக்கு அனுப்ப உதவிய குண்டளைப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை அழிந்து, மீண்டும் கட்டப்படவே இல்லை. ஆனால் அவ்வகை வெள்ளம் அன்று ஒரு தலைமுறைக்கு ஒன்றாக இருந்தது. இன்று 2018இல் வெள்ளம், 2019இல் மீண்டும் பெருமழை, 2020 ஆகஸ்ட் 6 அன்று பெட்டிமுடியில் எழுபது தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினரைப் புதைத்த நிலச்சரிவு, 2024இன் கோடையில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் ஏலத்தைக் கருக்கிய வெப்பம் என்று தொடர்கிறது. 2019 ஆகஸ்டில் விளைச்சல் குறைந்ததால் புற்றடி ஏலமையத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய்க்கு விலைபோயிற்று. சரக்கு கையில் இருந்தவனுக்கு அது கொண்டாட்டம். செடி அழிந்தவனுக்கும் வேலையிழந்த கூலியாளுக்கும் அதில் பங்கில்லை.

வெப்பம் மண்ணுக்குச் செய்வது

வெப்பம் மிகும்போது மண்ணில் என்ன நடக்கிறது என்பதை விளங்கிக்கொள்வது அவசியம். மண்ணிலுள்ள மக்கை நுண்ணுயிர்கள் உண்டு சிதைக்கின்றன; அதனால் பயிருக்குச் சத்து கிடைக்கிறது. வெப்பம் உயர, ஈரம் இருக்கும்வரை, இச்சிதைவு விரைவாகிறது. சேரும் மக்கைவிடச் சிதையும் மக்கு மிகுந்தால் மண்ணின் கரிமம் காற்றில் கரியமில வாயுவாகக் கலந்துபோகிறது. இந்திய மண் ஆய்வு அளவுகோலின்படி கரிமச் சத்து அரை விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அது வளம் குன்றிய மண். வெப்பமண்டல மானாவாரி நிலங்கள் பெரும்பாலும் இந்நிலையிலேயே இருக்கின்றன; இழப்பதற்கு அவற்றிடம் மிகுதியாக எதுவும் இல்லை. மக்கு குறைந்த மண் பஞ்சு பிழிந்த துணிபோன்றது. நீரைப் பிடித்து வைக்காது.

மறுபுறம், ஒரு பாகை செல்சியஸ் வெப்பம் உயர்ந்தால் காற்று ஏறத்தாழ ஏழு விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். ஆகவே மழை நாட்கள் குறைந்தாலும் பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. பலமற்ற மண்ணின் மீது அவ்வாறு கொட்டும் மழை மேல்மண்ணை அரித்துச் செல்கிறது. பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு 2019 ஆகஸ்டில் வெளியிட்ட நில அறிக்கை, வழக்கமான முறையில் உழப்படும் நிலத்தில் மண் உருவாகும் வேகத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேலான வேகத்தில் அரிப்பு நிகழ்கிறது என மதிப்பிட்டது. நூற்றாண்டுகளாகச் சேர்ந்த ஓர் அங்குல மண் ஒரு சில மழையில் கண்மாய்க்குப் போய்விடுகிறது.

நெல்லுக்கும் இதில் தப்பில்லை. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2004இல் வெளியிட்ட ஆய்வு, இரவு வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் நெல் விளைச்சல் பத்து விழுக்காடு குறையக் காண்பதாகத் தெரிவித்தது. பகலில் தேடிய உணவை இரவில் செடி சுவாசித்தே செலவழித்துவிடுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. காற்றில் கரியமில வாயு மிகும்போது தானியங்களில் புரதமும் இரும்பும் துத்தநாகமும் குறைகின்றன என்பதை 2014இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. உண்பவன் வயிறு நிறையும், உடல் நிறையாது.

ரேஷன் கடையும் ஜீப்பும்

இவ்வளவு நேர்ந்தும் இன்று பஞ்சச் சாவு இல்லை. அது பெரும் முன்னேற்றம். அதைக் குறைத்து மதிப்பிடலாகாது. 1880இல் பஞ்சக் குழுவின் அறிக்கையும் அதையொட்டி எழுந்த பஞ்சச் சட்டத் தொகுப்புகளும் தொடங்கிவைத்த பொறுப்பு, விடுதலைக்குப் பின் பொது விநியோகமாக வளர்ந்தது. தமிழகத்தில் குடும்ப அட்டைக்கு அரிசி 2011 முதல் விலையின்றி வழங்கப்படுகிறது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2016 நவம்பர் முதல் இங்கு நடைமுறைக்கு வந்தது. பஞ்சம் என்பது உணவு இல்லாமை அன்று, உணவைப் பெறும் உரிமை இல்லாமை என்று அமர்த்தியா சென் 1981இல் எழுதிய நூலில் நிறுவினார். மக்ரீஸீயை அவர் படித்திருந்தாரோ இல்லையோ, இருவரும் வந்து சேர்ந்த இடம் ஒன்றே.

ஆனால் ரேஷன் அரிசி ஓர் உண்மையை நம் கண்ணிலிருந்து மறைத்தும் விடுகிறது. முன்பு ஊர் மண் மெலிந்தால் அவ்வூர்க் குலுக்கை காலியாகும், எல்லோருக்கும் தெரியும். இன்று ஊர் மண் மெலிந்தாலும் வேறெங்கோ விளைந்த அரிசி மாதந்தோறும் வருகிறது. மண்ணின் இழப்பை வயிறு உடனே உணர்வதில்லை. அரிசி விளையும் அந்த ‘வேறெங்கோ’வும் இதே வெப்பத்தின் கீழேயே இருக்கிறது. 2022 மார்ச் மாத வெப்ப அலை வட இந்தியக் கோதுமையைத் தாக்கியது. மே மாதத்தில் கோதுமை ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்கும் தடை வந்து, 2024 செப்டம்பரில்தான் நீங்கியது. 1877இல் ஏற்றுமதியைத் தடுக்காத அரசோடு ஒப்பிட இது நல்ல மாற்றமே. எனினும், பண்டகசாலையின் கதவு எவ்வளவு விரைவில் மூடப்பட வேண்டியதாகிறது என்பதையும் அது காட்டுகிறது.

இப்பகுதியின் உணவுப் பாதுகாப்புக்கு இன்னொரு தூணும் உண்டு. அது மலைக்கூலி. விடியுமுன் போடி, தேவாரம், கம்பம் வட்டாரச் சிற்றூர்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறுகின்றன, மாலையில் திரும்புகின்றன. அரிசி ரேஷனில் கிடைத்தாலும் பருப்பும் எண்ணெயும் காய்கறியும் பாலும் இக்கூலியில்தான் வாங்கப்படுகின்றன. 2020இல் பெருந்தொற்றுக்காக மாநில எல்லை மூடப்பட்டபோது இத்தூண் ஒரே நாளில் சரிந்தது. எல்லை மீண்டும் திறந்தது. ஆனால் 2024இன் வெப்பத்தைப் போல் ஏலச்செடியே கருகுமானால், எந்த உத்தரவாலும் அவ்வேலையைத் திறந்துவிட இயலாது. மேலே ஏல மண்ணும் கீழே சோள மண்ணும் ஒரே தலைமுறையில் தளர்வதே இப்பகுதியை எதிர்நோக்கும் உண்மையான ஆபத்து.

செய்யத் தக்கவை

பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினின் இஷ்பீலியாவில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம், ‘கிதாபுல் ஃபிலாஹா’ என்னும் பெரும் வேளாண் நூலை எழுதினார். அந்நூலின் முதல் இயல் மண்ணின் வகைகளைப் பற்றியது. இரண்டாவது எருவைப் பற்றியது. மூன்றாவதே நீரைப் பற்றியது. பயிர்களும் மரங்களும் அதன் பின்னரே வருகின்றன. வறண்ட நாட்டில் எழுதியவர் நீரை மூன்றாவதாக வைத்திருப்பது சிந்தனைக்குரியது. நம் காலத்துத் திட்டங்கள் பெரும்பாலும் நீரில் தொடங்கி நீரிலேயே முடிகின்றன. மண்ணுக்கும் எருவுக்கும் உரிய முதலிடத்தை அவற்றுக்குத் திருப்பித் தருவதே செய்ய வேண்டியவற்றுள் தலையாயது.

சமவெளியில், கண்மாய் வண்டலை நிலத்துக்குத் திருப்பும் வழக்கத்தை ஆண்டுதோறும் நடக்கும் பணியாக மீட்க வேண்டும். 2017இல் தமிழக அரசு குடிமராமத்தைப் புதுப்பித்து, வண்டலை உழவர் விலையின்றி எடுக்க அனுமதித்தது நல்ல தொடக்கம். அவ்வண்டல் செங்கற்சூளைக்குப் போகாமல் சிறு உழவனின் நிலத்துக்குப் போவதை ஊரார் உறுதி செய்ய வேண்டும். பயறு கலந்த சோள, கம்புச் சாகுபடிக்கு அங்காடியும் வேண்டும். 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசியில் இரண்டு கிலோவுக்கு மாற்றாகக் கேழ்வரகு வழங்கப்பட்டது. அத்திட்டம் தேனிக்கும் வருமானால், இம்மண்ணுக்குரிய தானியம் இம்மக்களின் தட்டுக்கே திரும்பும். மலைமேல், நிழல் மரங்களை மீட்பதும், மருந்தைக் குறைப்பதும், இலைச்சருகை மண்மேல் கிடக்க விடுவதும் காட்டுக்குச் செய்யும் உபகாரம் மட்டுமல்ல. ஏலத்தின் ஆயுளை நீட்டும் வழியும் அதுவே.

யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றில், வளமான ஏழாண்டுகளில் விளைந்த தானியத்தைக் கதிரிலேயே வைத்துச் சேமிக்கும் ஆலோசனை இடம்பெறுகிறது. பஞ்சம் வருமுன், விளைச்சல் மிகுந்த காலத்திலேயே தரப்பட்ட ஆலோசனை அது. பண்டகசாலையில் தானியத்தைச் சேமிப்பதை நாம் ஓரளவு கற்றுக்கொண்டுவிட்டோம். வளத்தை மண்ணிலேயே சேமிப்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர், நாம் மறந்துவருகிறோம். ரேஷன் கடை திறந்திருக்கும் இக்காலமே அதை மீண்டும் கற்பதற்கு உகந்த காலம். தாது வருஷத்து மக்களுக்கு அவ்வாய்ப்பு இருக்கவில்லை, நமக்கு இருக்கிறது. நிலத்தை நம்மிடம் அமானத்தாக விட்டுச்சென்றவர்களுக்கும், நம்மிடமிருந்து அதைப் பெறப்போகிறவர்களுக்கும் நாம் கடமைப்பட்டவர்கள்.